பத்து மாதம் முடியப் போகிறது, இன்னும் தவழவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

பனியன்ஊர்க்காரி (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, எழுதுவது இப்போதுதான்.

மகளுக்கு அடுத்த வாரம் பத்து மாதம் முடிகிறது. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது எல்லாம் அந்தந்த நேரத்தில் நடந்துவிட்டன. தவழ்வதுதான் இல்லை. குப்புறப் போட்டால் ஊரைக் கூட்டுகிறாள். உட்கார வைத்துவிட்டால் போதும். ஒரு காலை மடக்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே தேய்த்துத் தேய்த்து கூடத்திலிருந்து சமையலறை வரை வந்துவிடுவாள். எந்த ஜட்டியும் அதிக நாள் தாங்குவதில்லை (எங்கள் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமே கிடையாது).

ஓரகத்தியின் மகன் இவளுக்கு இளையவன். அவன் முட்டி போட்டு வீட்டையே சுற்றுகிறான், கட்டிலைப் பிடித்து எழுந்து நிற்கிறான். கூட்டுக் குடும்பம். ஒப்பிட்டுப் பேசாமல் இங்கே யாருக்கும் சாப்பாடு இறங்காது. மாமா "கால்ல சத்து பத்தல" என்கிறார். அத்தை போன வாரச் சந்தையில் வாக்கர் வாங்கி வந்து நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார். அம்மாயி மட்டும் போனில், "உங்கம்மாளும் இப்படித்தான் தேச்சுக்கிட்டே வந்தா, அப்புறம் புடிக்க ஆள் பத்தல" என்று சிரிக்கிறார்.

வாக்கரில் வைக்கலாமா? இன்னும் எவ்வளவு நாள் பார்க்கலாம்? உங்கள் பிள்ளைகள் என்னென்ன செய்தார்கள் என்று எழுதுங்களேன்.

தாமிரபரணி (பாளையங்கோட்டை)

முதலில் தண்ணீர் குடியுங்கள். என் மூத்தவன் பின்பக்கமாகத் தவழ்ந்தவன். எதிரே இருக்கும் கிலுகிலுப்பையைக் குறி வைத்துக் கிளம்புவான். கை தள்ளும், உடம்பு பின்னால் போகும், கிலுகிலுப்பை தூரமாகிக்கொண்டே இருக்கும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு அழுவான். அவனை இழுத்து எடுப்பதுதான் அந்த வருஷம் முழுக்க எனக்கு வேலை. சின்னவள் தவழவே இல்லை. அரிசி டப்பாவைப் பிடித்து எழுந்தாள், அப்படியே சுவரைப் பிடித்து நடந்தாள். ஒரே வயிற்றில் பிறந்ததுகளே இப்படி என்றால் ஓரகத்தி பிள்ளையோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

வாக்கர் வேண்டாம். ஏன் என்பதை விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

இயன்முறை_அக்கா (சென்னை)

குழந்தைகளுக்கான பிசியோதெரபி என் தொழில். ஆனாலும் பிள்ளையைப் பார்க்காமல் சொல்வது இது. உங்கள் டாக்டர் நேரில் பார்த்துச் சொல்வதே கடைசி வார்த்தை.

உங்கள் மகள் செய்வதைக் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறோம். உட்கார்ந்தபடி நகரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குப்புறப் படுப்பதே பிடிக்காது. வீட்டில் அம்மாவோ அப்பாவோ அப்படி நகர்ந்திருப்பார்கள், எனவே அம்மாயி சொல்வதை வேடிக்கை என்று தள்ள வேண்டாம். இவர்கள் நடக்கவும் கொஞ்சம் தாமதிப்பார்கள். ஒன்றரை வயதைத் தாண்டி நடப்பவர்களும் உண்டு. அதனால் அடுத்த தீபாவளி வரைக்கும் வீட்டில் பேச்சு ஓயாது, இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. இந்தியாவில் டெல்லிக் குழந்தைகள். பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதம். கை, முட்டி ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதம். தனியாக நிற்பது 6.9 முதல் 16.9 வரை, தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 வரை. இடைவெளியைப் பாருங்கள். எட்டரை மாதத்தில் நடந்த பிள்ளையும் பதினேழு மாதத்தில் நடந்த பிள்ளையும் ஒரே பட்டியலில் நல்லபடியாக இருக்கிறார்கள். அதே ஆய்வில் 4.3 சதவீதம் பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தே விட்டது.

ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. "ஒரு கையை ஊன்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அதே கையா? மடக்குவதும் எப்போதும் அதே காலா? ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா விடுவது கவனிக்க வேண்டிய விஷயம். இடது கைப் பழக்கம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினால் பாதத்தை ஊன்றுகிறாளா, இல்லை கால் துவள்கிறதா? இரண்டு காலும் ஒரே மாதிரி உதைக்கிறதா? உடம்பு விறைப்பாகவோ, தூக்கினால் கையிலிருந்து நழுவுகிற மாதிரி தொளதொளவென்றோ இருக்கிறதா? இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாக்கர் பற்றி: அதில் உட்கார்ந்த பிள்ளை நுனிக்காலால் தள்ளும். நடையில் கற்க வேண்டியது எடையைத் தாங்குவது, சாயாமல் நிற்பது, விழுந்து எழுவது. அந்த மூன்றையும் நாற்காலியே செய்து கொடுத்துவிடுகிறது. நடை சீக்கிரம் வராது, தள்ளிப்போகவே வாய்ப்பு அதிகம். வேகமும் கூடிவிடும். வாசல்படியில் உருண்டு விழுவதும், கை எட்டாத இடத்தில் இருந்த வெந்நீர்ச் சட்டி கை எட்டுகிற இடத்துக்கு வந்துவிடுவதும் இதில்தான் நடக்கிறது.

பனியன்ஊர்க்காரி

அக்கா, இன்று முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தேன். பெரும்பாலும் வலது கையை ஊன்றுகிறாள். ஆனால் வலது கையில் கரண்டி இருந்தால் இடது கையை ஊன்றி அதே வேகத்தில் வருகிறாள், கரண்டியை மட்டும் விடுவதில்லை. காலையும் மாற்றிப் போடுகிறாள். நிறுத்தினால் பாதம் ஊன்றி இரண்டு குதி குதிக்கிறாள். தரையில் சிந்திய பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போடுகிறாள்.

இயன்முறை_அக்கா (சென்னை)

கரண்டி விஷயம் கேட்க நிம்மதியாக இருக்கிறது. இருந்தாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், இடுப்பு மூட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பொரி பொறுக்கும் விரல் இருக்கிறதே, தவழ்வதற்குக் கொஞ்சமும் குறையாத வளர்ச்சி அது. யாரும் அதற்குக் கை தட்டுவதில்லை. பொரி பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை மட்டும் தரையில் கிடக்க விடாதீர்கள். மூச்சுக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

பெரியவீட்டுப்பாட்டி (கும்பகோணம்)

குழந்தே, முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பேரன் இந்த ஐபேடைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் வைத்தார்களே, அதில் மாதக் கணக்கு உண்டு. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பிறகு அம்புலி. இதற்கெல்லாம் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களுக்குள் ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே இருக்கும். ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுகிறது. பதின்மூன்றில் தளர்நடை போட்டு வருகிறது. நடுவில் தவழ்வதற்கென்று தனியாக ஒரு பருவம் கிடையாது! அமெரிக்காக்காரன் 2022-ல் எடுத்தான் என்று அந்தப் பெண் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மவர்கள் பட்டியலில் வைக்கவே இல்லை. இன்னொன்றும் பார். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையாட்டுவதுதான் செங்கீரை. உன் மகள் ஏறக்குறைய அந்தக் கோலத்திலேயே ஊர்வலம் வருகிறாள்.

வாக்கர் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். நடைவண்டி இருக்கிறதே, மூன்று சக்கரம் வைத்த மர வண்டி, அது நல்லது. பிள்ளை தானே எழுந்து நின்று, கட்டையைப் பிடித்துத் தள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் பொத்தென்று உட்காரும். எங்கள் வீட்டு வண்டியில் மூன்று தலைமுறை நடந்திருக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் மாற்றினோம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்சணம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். தவழ்ந்தால் தவலை அடை, உட்கார்ந்தால் உக்காரை, பல் வந்தால் பல்லுக் கொழுக்கட்டை என்று பேருக்கு ஏற்ற மாதிரி. வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். சாப்பிடுவது என்னவோ பெரியவர்கள்தான். தவழாவிட்டால் ஒரு தவலை அடை நஷ்டம், அவ்வளவே.

இயன்முறை_அக்கா (சென்னை)

பாட்டி, நடைவண்டிக்கு என் முழு ஓட்டு. ஒரே ஒரு திருத்தம்: பிள்ளை தானாகப் பிடித்து எழத் தொடங்கிய பிறகு கொடுக்க வேண்டும். வழுவழு டைல்ஸ் தரையில் வண்டி ஓடிப்போய் பிள்ளை முகம் குப்புற விழும், அதனால் மண் தரையோ சொரசொரப்பான மொட்டை மாடியோ நல்லது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கட்டும். சத்தம் போடுகிற ஷூவெல்லாம் கல்யாணத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஏழாம்மாசம் (கோவை)

குறைப்பிரசவத் தாய் சார்பில் ஒரு வார்த்தை. என் மகன் இரண்டரை மாதம் முன்னாலேயே வந்துவிட்டான். பிறந்த தேதியை வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பின்தங்கியவன். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினால் எல்லாம் சரியாக இருந்தான். இரண்டு வயது வரைக்கும் இப்படித் திருத்திய வயதில் பார்க்கச் சொன்னார்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. உறவினர் வீட்டுக்குப் போனால் எத்தனை மாசம் என்று கேட்பார்கள். நான் திருத்திய வயதைத்தான் சொல்வேன். யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்க முடியாது.

குவைத்_அப்பா

பெண்கள் நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் குவைத்தில் இருக்கிறேன், குடும்பம் அறந்தாங்கிப் பக்கம். மகன் பிறக்கும்போது இங்கேதான் இருந்தேன். குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, முதல் பல் எல்லாமே போனில்தான் பார்த்தேன். மனைவி சமைத்துக்கொண்டே போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிடுவார். அரை மணி நேரம் கேஸ் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். திடீரென்று கீழே இருந்து ஒரு மண்டை எட்டிப் பார்க்கும், ஒரு எச்சில் கை கேமராவை மூடும். அன்றைய டூட்டிக்கு அது போதும்.

லீவில் ஊருக்குப் போனபோது அவனுக்குப் பத்து மாதம். என்னைக் கண்டதும் அலறி மாமியார் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யாரோ சமாதானப்படுத்துவதற்காகப் போனை நீட்டினார்கள். "ப்பா" என்று அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. நான் கிணற்றடியில் நின்று அவனுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே மெதுவாகக் கூடத்துக்குள் வந்தேன், குரலும் ஆளும் ஒன்று என்று அவனுக்குப் புரியட்டும் என்று. ஒரு வாரத்தில் என் மீசையைப் பிடித்து இழுத்தான்.

இப்போது ஒரு கேள்வி. இரண்டு வயதுக்குள் பிள்ளைக்குப் போனே காட்டாதே என்கிறார்கள். வீடியோ காலும் அதில் சேர்த்தியா? அதையும் நிறுத்தினால் என் கதி?

இயன்முறை_அக்கா (சென்னை)

நிறுத்தாதீர்கள் அண்ணா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமே வீடியோ காலுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. நீங்கள் பேசினால் பிள்ளை பதில் சத்தம் போடுகிறான், நீங்கள் திரும்பச் சிரிக்கிறீர்கள். கார்ட்டூன் அப்படிச் செய்யாது. எட்டு ஒன்பது மாதத்தில் வேற்று முகம் கண்டு அழுவதும் வளர்ச்சிதான். தன் ஆள் யார், வெளியாள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் வெளியாள் பட்டியலில் விழுந்ததுதான் கொடுமை.

சாப்பாட்டுத்தட்டு (சேலம்)

போன் பேச்சு வந்ததால் கேட்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள். ஒன்றேகால் வயது மகளுக்குப் பாட்டு வீடியோ ஓடாமல் ஒரு வாய் இறங்காது. காட்டினால் கிண்ணம் காலி. காலையில் எட்டரைக்கு நான் பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினார்கள், இப்போது போனைக் காட்டி ஊட்டுகிறோம். இரண்டுமே ஏமாற்று வேலைதானே?

தாமிரபரணி (பாளையங்கோட்டை)

நிலா நொடிக்கு ஒரு படம் மாறாது அம்மணி. பிள்ளை ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில் உங்கள் முகத்தைப் பார்க்கும், நீங்கள் ஆ என்றால் அதுவும் ஆ என்னும். எங்கள் ஆச்சி ஊட்டும்போது காக்கா, நாய், பக்கத்து வீட்டு மாமா எல்லோருக்கும் ஒரு பங்கு பிரித்து வைப்பாள். அந்தப் பேச்சில்தான் பிள்ளை வார்த்தை பிடிக்கும். போனில் கண் ஒட்டிக்கொண்டால் வயிறு நிறைந்ததே தெரியாது.

பெரியவீட்டுப்பாட்டி (கும்பகோணம்)

ஆச்சிக்கு எட்டரை மணி பஸ் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. நானும் வேலைக்குப் போனவள். என் மாமியார் ஊட்டினார், நான் கிளம்பினேன். இந்தப் பெண்ணுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

சாப்பாட்டுத்தட்டு (சேலம்)

நன்றி பாட்டி. வீட்டில் நானும் அவரும்தான். அவருக்கு இரவு ஷிப்ட்.

இயன்முறை_அக்கா (சென்னை)

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: ஒரு வயதுப் பிள்ளைக்கும் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. அது ஒருபக்கம் இருக்கட்டும். காலையை விட்டுவிடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுச் சாப்பாட்டை மட்டும் முதலில் போன் இல்லாமல் பழக்குங்கள். கிண்ணத்தை அவள் கையிலேயே கொடுங்கள். இட்லியை விரல் நீளத் துண்டாக வெட்டி வைத்தால் தானே எடுப்பாள். பாதி தரைக்குப் போகும். பிறந்த எடையைப் போல ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகியிருந்தால், வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு ஏறிக்கொண்டே போனால், ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டதற்காகக் கலங்க வேண்டாம்.

காவிரிக்கரை (திருச்சி)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் பதறாதே, காத்திரு என்கிறீர்கள். தவழ்வதற்கு அது சரி. ஆனால் இந்த இழையைப் படிக்கும் யாராவது பேச்சுக்கும் அதையே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் மகன் பதினொரு மாதத்தில் நடந்தான். தெருவே மெச்சியது. ஒரு வயதில் "அம்மா" இல்லை. கேட்டால் ஆம்பளைப் பிள்ளை, லேட்டாகத்தான் பேசும் என்றார்கள். தாத்தா ஐந்து வயதில் பேசினார், கோயிலுக்கு மணி கட்டு, நாக்கில் வசம்பு உரசித் தடவு என்றார்கள். எனக்கு உறுத்தியது வேறு. குக்கர் விசில் அடிக்கும்போது ஓரகத்தி கையில் இருக்கும் மூன்று மாதக் குழந்தை திடுக்கிடும். இவன் திரும்பக் கூட மாட்டான். கதவைப் பலமாகச் சாத்தினால் திரும்புவான், அது தரை அதிர்வதால் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், முன்னால் வந்து கை ஆட்டிப் பார்த்தேன். வித்தியாசம் எனக்கு விளங்கிவிட்டது, வீட்டில்தான் யாருக்கும் விளங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துக் கவனிக்கும் மாவட்ட மையம்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வருவது, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். காது, கண், பேச்சு, கை கால் எல்லாவற்றுக்கும் ஆட்கள் ஒரே இடத்தில். குழந்தையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டி, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதிலும் கேட்புத் திறன் மிகக் குறைவு. முதலில் காது மெஷின். அதில் போதாததால் காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி), முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அது, சீக்கிரம் செய்தால் பேச்சு நன்றாக வரும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்கப்புறம் வருஷக் கணக்கில் பயிற்சி. மழை சத்தம், மிக்ஸி சத்தம், மாடு கத்துவது என்று ஒவ்வொன்றையும் நின்று கேட்க வைக்க வேண்டும்.

இப்போது நான்கு வயது. நேற்று, "தேங்காச் சட்னி வேண்டாம், கார சட்னி போடு" என்று சண்டை. மாமியார், "வாய் ஜாஸ்தியா போச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டார். காதுக்கு இனிமையாக இருந்தது.

அங்கே இருந்த பேச்சுப் பயிற்சியாளர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் இல்லை, விரல் நீட்டிக் காட்டவோ டாட்டா காட்டவோ இல்லை என்றால் காட்ட வேண்டும். பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்றாலும், இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை என்றாலும் போக வேண்டும். வந்த பேச்சோ பழக்கமோ எந்த வயதிலாவது போய்விட்டால் அன்றைக்கே போக வேண்டும். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற கணக்கு இதில் இல்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் இது வராது.

பனியன்ஊர்க்காரி

அக்கா, படித்துவிட்டு உடனே போய் அவள் முதுகுக்குப் பின்னால் பேப்பரைக் கசக்கிப் பார்த்தேன். திரும்பினாள். கையிலிருந்து பிடுங்கித் தின்னவும் பார்த்தாள். உங்கள் மகன் நிறையச் சண்டை போடட்டும்.

காவிரிக்கரை (திருச்சி)

பேப்பரைப் பிடுங்குங்கள் முதலில்!

யாழ்_அம்மம்மா (ஸ்காபரோ, கனடா)

பிள்ளையள், நான் ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறேன், பேரப்பிள்ளை பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். வாக்கர் கதை பார்த்தேன். இங்கே அதை விற்கவே ஏலாது. 2004 இல் நாடு முழுக்கத் தடை. வீட்டில் பழசு கிடந்தாலும் விற்கவோ இன்னொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. படியில் விழுந்து மண்டை உடைந்த பிள்ளைகள் அவ்வளவு. திருப்பூர்ப் பிள்ளை, உம்முடைய மாமியிடம் கனடா கதையைச் சொல்லிப் பாரும். வெளிநாடு என்றால் சில வேளை கேட்பா.

நாங்கள் பெரிசாகக் கொண்டாடுவது பல்லுக்குத்தான். முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை மேலே கொட்டுவோம். சுற்றி நிற்கிற பிள்ளைகள் பொறுக்குவார்கள். முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, காசு, நகை, கண்ணாடி எல்லாம் வைப்போம். எதை எடுக்குதோ அதுதான் பிள்ளையின் வருங்காலம் என்று கதை. என் மகள் அந்த நாளில் பேனை எடுத்தவ, இப்ப வங்கியில் வேலை. பேரன் ஒன்றையும் எடுக்காமல் தட்டத்தைக் கவிழ்த்து அதில் தாளம் போட்டான். ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்லிச் சிரிச்சம்.

தாமிரபரணி (பாளையங்கோட்டை)

பல் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் தெருவில் பிள்ளைக்கு வயிற்றால் போனால், "பல் முளைக்குது, அதான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஈறு நமைச்சலுக்குக் கண்டதை எடுத்து வாயில் வைக்கிறதே பிள்ளை, கிருமி அந்த வழியாகத்தான் போகிறது. பல் மேல் பழி. வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாள் துத்தநாக மாத்திரையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று துத்தநாகத்தை நிறுத்திவிடாதீர்கள்.

பனியன்ஊர்க்காரி

எல்லோருக்கும் ஒரு தகவல். டாக்டர் பார்த்துவிட்டார். இடுப்பு மூட்டு, கால், முதுகு எல்லாம் மடக்கி நீட்டிப் பார்த்தார். தரையில் விட்டதும் மேடம் ஜம்மென்று தேய்த்துக்கொண்டு போய் அவருடைய செருப்பை எடுத்துவிட்டாள். இதுவும் ஒரு வகை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை என்றால் கூட்டி வாருங்கள், அதுவரை யாராவது ஒப்பிட்டால் என்னிடம் அனுப்புங்கள் என்றார். இரத்தசோகை வராமல் இருக்க அரசு கொடுக்கும் இரும்புச் சத்து மருந்தை வாரம் இரண்டு முறை விடாமல் கொடுக்கச் சொன்னார்.

அத்தையிடம் கனடா கதை எடுபடவில்லை. "அங்கே மாடிப்படி இருக்கும், நமக்கு ஏது" என்றார். ஓரகத்தி மகன் வாக்கரோடு திண்ணையிலிருந்து இறங்கப் பார்த்தான், மாமா ஓடிப்போய்ப் பிடித்தார். அன்று சாயங்காலமே வாக்கர் பரணுக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

தாமிரபரணி (பாளையங்கோட்டை)

மாமா கெட்டிக்காரர். தலை தப்பியது.

பெரியவீட்டுப்பாட்டி (கும்பகோணம்)

நடைவண்டி வேண்டுமானால் கும்பகோணத்தில் இன்னும் ஆசாரி செய்கிறார். பேரனிடம் சொல்லிப் பார்சல் போடச் சொல்கிறேன். பெயிண்ட் அடிக்காத மரமாகக் கேட்கிறேன், எப்படியும் கடிக்கத்தான் போகிறாள்.

பனியன்ஊர்க்காரி

பாட்டி, அவசரமில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

பனியன்ஊர்க்காரி

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். ஒரு வயது முடிந்துவிட்டது. நடக்கவில்லை, தவழவும் இல்லை. வாஷிங் மெஷின் ஓடும்போது மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அது நின்றால் இவளும் உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று தண்ணீர் கொடுத்தபோது டம்ளரில் டிக் என்று சத்தம். கீழ் ஈறில் ஒரு பல்! எங்கள் வீட்டில் பல்லுக் கொழுக்கட்டை செய்த பழக்கம் இல்லை, ஆனாலும் அம்மாயி செய்யலாம் என்கிறார். அம்மம்மா, பக்குவம் சொல்வீர்களா?

யாழ்_அம்மம்மா (ஸ்காபரோ, கனடா)

ஓம் பிள்ளை, சந்தோசம். வறுத்த அரிசி மாவைக் கொதிதண்ணி விட்டுக் கையில் ஒட்டாத பதத்துக்குக் குழையும். உள்ளுக்கு: பயறு வறுத்து அவித்து, தேங்காய்ப்பூ, சர்க்கரை (உங்களுக்கு வெல்லம்), கொஞ்சம் ஏலக்காய். பிறைச் சந்திரன் மாதிரி மடித்து ஓரத்தை அமத்தி, அந்த ஓரம் நெடுகத் தேங்காய்ச் சொட்டைச் சின்னதாக வெட்டிப் பல் மாதிரிக் குத்தி, நீராவியில் அவியும். தலையில் கொட்டுறதுக்கு உள்ளீடு இல்லாமல் சின்னனாகக் கொஞ்சம் தனியாகச் செய்யும், ஆறின பிறகு கொட்டும், சூட்டோடு வேண்டாம். பிள்ளை ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் பார்ப்பா. தேங்காய்ச் சொட்டு இருக்கிறதைக் குடுக்காதையும், தொண்டையில் சிக்கும். தட்டத்தில் கரண்டியும் ஒன்று வையும், அவ அதைத்தான் எடுப்பா.